எஞ்சினைத் தேய்ப்பது ஓட்டமா, நிறுத்தமா?

பள்ளிக்கரணையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2011 மாடல் டீசல் இன்னோவா வைத்திருக்கிறார். மீட்டர் 3 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய வேளையும் நெருங்கிவிட்டது. "மெக்கானிக் இன்னும் ரெண்டு லட்சம் தாராளமா ஓடும் சார்னு சொல்றார். மச்சினன், வித்துத் தலைமுழுகுங்க மாமாங்கிறான். யார் பேச்சைக் கேட்கிறது?"

மச்சினன் பேச்சைக் கேட்பது குடும்ப விவகாரம், அதில் நான் தலையிடப் போவதில்லை. 3 லட்சம் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா என்பது இயற்பியல் விவகாரம். அதைப் பேசலாம்.

2005-இல் டொயோட்டா குவாலிஸின் இடத்துக்கு இன்னோவா வந்ததிலிருந்து ஏர்போர்ட் சவாரி, ஐ.டி. கம்பெனி ஷிஃப்ட், திருப்பதி, கல்யாண வீடு என்று சென்னையில் எல்லாவற்றுக்கும் அதுதான். டிராவல்ஸ்காரர்களிடம் 4 லட்சம் தாண்டியும் எஞ்சினைப் பிரிக்காத வண்டிகளைப் பார்க்கலாம். பெங்களூருக்கு அருகே பிடதியில் உள்ள அதே டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்து, ஒரே குடும்பம் பொத்திப் பொத்தி வைத்திருந்த வண்டி 1 லட்சத்திலேயே ஆயில் குடிக்க ஆரம்பிப்பதும் உண்டு. 'அதிர்ஷ்டம்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். உண்மையான காரணம் அதைவிட சுவாரசியமானது.

முதலில் ஒரு கணக்கு. கிலோமீட்டருக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், 3 லட்சம் கி.மீ.க்கு கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 60 கோடி முறை சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒருமுறை, ஒவ்வொரு சிலிண்டரிலும் எரியும் டீசல் டன் கணக்கான விசையோடு பிஸ்டனை அந்த ஷாஃப்ட் மீது அழுத்துகிறது. உலோகமும் உலோகமும் நேராக உரசினால் எஞ்சின் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். 60 கோடி சுற்றைத் தாங்குகிறது என்றால், பேரிங்கில் அவை பெரும்பாலான நேரம் ஒன்றையொன்று தொடவே இல்லை என்று அர்த்தம்.

நடுவே இருப்பது ஆயில். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆயில் எப்படி அவ்வளவு பளுவைத் தாங்குகிறது என்று கேட்டால், பாதிப் பேர் ஆயில் பம்ப் என்பார்கள். பம்ப் கொடுக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு இருந்தால் பெரிது. பேரிங்குக்குள் தேவைப்படுவதோ நூற்றுக்கணக்கான மடங்கு. மிச்சம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1880-களில் பிரிட்டனின் மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கம், உராய்வை ஆராயும்படி பீச்சம்ப் டவர் என்பவரிடம் சொன்னது. ரயில் சக்கர அச்சின் மேல் உட்காரும் பேரிங் ஒன்றை எடுத்துக்கொண்டார். அச்சின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருக்கும், பளு மேலேயிருந்து பேரிங் வழியாக இறங்கும். ஒரு கட்டத்தில், எண்ணெய் விடுவதற்கென்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. பட்டறை அசிங்கமாகிறதே என்று தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்துவிட்டது. மரக்கட்டையைச் செதுக்கி இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்ல எழும்பி வெளியே வந்தது. கடைசியில் அழுத்தமானி ஒன்றை மாட்டினார். பேரிங் மீது இருந்த சராசரிப் பளு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. அழுத்தமானியின் முள்ளோ 200-ஐத் தாண்டி எல்லையில் போய் முட்டி நின்றது. அங்கே பம்ப் எதுவும் இல்லை. சுழலும் அச்சே தனக்கு வேண்டிய அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது.

1883-இல் டவர் இதை அறிக்கையாகக் கொடுத்தார். மூன்று ஆண்டு கழித்து, பாடப்புத்தகத்தில் 'ரெனால்ட்ஸ் எண்' என்று நாம் படித்தோமே, அதே ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதத்தால் விளக்கினார். உங்கள் இன்னோவாவுக்குள் நடப்பதை வைத்தே சொல்கிறேன். கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைச் சுற்றியுள்ள பேரிங்குக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி உண்டு. பளு அழுத்தும்போது ஷாஃப்ட் நட்டநடுவில் நிற்காது, ஒரு பக்கமாக ஒதுங்கும். அதனால் இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஆகிவிடுகிறது. ஆயில் ஷாஃப்டின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அதனுடனேயே சுற்றும். அகலமான பக்கத்திலிருந்து குறுகலான பக்கத்துக்கு இழுத்துச் செல்லப்படும். உள்ளே வரும் அவ்வளவு ஆயிலும் குறுகலில் நுழைந்தாக வேண்டும், சுருங்கவும் மாட்டாது, பிசுபிசுப்பினால் பக்கவாட்டில் அவ்வளவு சீக்கிரம் தப்பவும் முடியாது. அழுத்தம் எகிறுகிறது. அந்த அழுத்தம் ஷாஃப்டை பேரிங்கிலிருந்து தூக்கி நிறுத்துகிறது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது. பளு கூடினால் ஷாஃப்ட் இன்னும் கொஞ்சம் அழுந்தும், குறுகல் இன்னும் குறுகும், உடனே அழுத்தம் இன்னும் ஏறும். எங்கே பளுவும் அழுத்தமும் சமமாகின்றனவோ அங்கே ஷாஃப்ட் நின்றுகொள்ளும். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. சில மைக்ரான் தடிமன் ஆயில் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. மழைநாளில் இ.சி.ஆரில் வேகமாகப் போகும்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து வண்டியை மிதக்க விடுமே, ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது மாதிரி ஆகிவிடுமே, அதுவும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். அங்கே உயிருக்கு ஆபத்து, எஞ்சினுக்குள் உயிர்நாடி.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வேகம் வேண்டும். வேகம் இல்லையென்றால் ஆயில் குறுகலுக்குள் இழுபடாது, அழுத்தமும் வராது. 55 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் சுழன்றால் அதன் மேற்பரப்பு வினாடிக்கு சுமார் 5.8 மீட்டர் நகர்கிறது. சிக்னலில் நிற்கும்போது 750 சுற்றில் அது 2.2 மீட்டராகக் குறைகிறது. காலையில் செல்ஃப் எடுக்கும் அந்த முதல் வினாடியில் கிட்டத்தட்ட பூஜ்யம். ராத்திரி முழுக்க ஷாஃப்ட் பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது எழும்பும் வரை உலோகம் உலோகத்தோடு உரசத்தான் செய்யும்.

பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும், சிலிண்டர் சுவரோடு உரசும் ரிங்குக்கு நிலைமை இன்னும் மோசம். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்புகிறது. நிற்கும் கணத்தில் நடுவே இருக்கும் ஆயில் படலம் மெலியும். எரிபொருள் வெடித்து அழுத்துவதும் மேலே நிற்கும் அந்தக் கணத்தை ஒட்டித்தான். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வைத்திருக்கும் பழைய எஞ்சினைப் பார்க்கக் கிடைத்தால், சிலிண்டருக்குள் நகத்தை வைத்து மேலே இழுத்துப் பாருங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் தட்டும். ரிங் திரும்பும் இடம் அதுதான். அதற்குக் கீழே சுவர் தேய்ந்திருக்கும், மேலே ரிங் படாத பகுதி அப்படியே இருக்கும். நல்ல மெக்கானிக் மைக்ரோமீட்டரை எடுப்பதற்கு முன்பே நகத்தால் பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்.

படலம் அறும் இடங்களுக்கென்று ஆயிலுக்குள் இன்னொரு காவல் இருக்கிறது. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மத்தை 1940-களிலிருந்தே ஆயிலில் கலக்கிறார்கள். அது வால்வைத் தள்ளும் கேம், பிஸ்டன் ரிங் போன்ற உரசும் பரப்புகளின் மேல் நானோமீட்டர் கணக்கில் மெல்லிய கண்ணாடி மாதிரியான பூச்சாகப் படிகிறது. 2015-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, சூடான ஆயிலுக்குள் அணுவிசை நுண்ணோக்கியின் முனையால் உரசி, அந்தப் பூச்சு வளர்வதை நேரடியாகவே பார்த்தது. எங்கே அழுத்தமும் சூடும் அதிகமோ அங்கே பூச்சு மிக வேகமாக வளர்கிறது. அடிபடும் இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இந்தச் சேர்மம் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆயில் மாற்றுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இப்போது சென்னைக்கு வருவோம். 10,000 கி.மீ. தூரத்தை நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் ஓடினால் 167 மணி நேரம். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் சராசரி 15-இல் ஊர்ந்தால் 667 மணி நேரம். மீட்டர் இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். எஞ்சினுக்கு அது நான்கு மடங்கு உழைப்பு, அதிலும் பெரும்பகுதி படலம் மெலிந்த ஐடிலிங். திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் ஓடும் டிராவல்ஸ் வண்டி ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் டீ, சாப்பாட்டுக்குத் தவிர நிற்பதில்லை. அடுத்த தெருவில் இருக்கும் பள்ளிக்குக் குழந்தையை விட்டுவரும் வண்டி, எஞ்சின் சூடேறுவதற்குள் அணைந்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் எரியாத டீசல் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், ஈரமும் ஆவியாகிப் போகாது. அதனால்தான் மாதம் 500 கி.மீ. ஓடும் வண்டிக்கு கி.மீ. கணக்கை விட்டுவிட்டு, கையேட்டில் போட்டிருக்கும் மாதக் கணக்கில் ஆயில் மாற்றச் சொல்கிறேன்.

வயதான எஞ்சினுக்கு 'கெட்டி ஆயில்' ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பேரிங் இடைவெளி இரண்டு மடங்கானால் படலத்தின் தாங்கும் திறன் ஏறக்குறைய நான்கில் ஒன்றாக விழுந்துவிடும். அகன்ற இடைவெளி வழியாக ஆயில் சீக்கிரம் வெளியேறுவதால் பம்ப் அழுத்தமும் விழும். மத்தியான வெயிலில், சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்குவது அதனால்தான். கெட்டி ஆயில் அந்த நேரத்தில் உதவும், ஆனால் காலையில் மேலே ஏறிச் சேர நேரமெடுக்கும். கையேடு எந்தெந்த கிரேடுகளை அனுமதிக்கிறதோ அதில் கெட்டியான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். லைட் மினுக்குவது நிற்கவில்லை என்றால் ஆயிலை மாற்றிக்கொண்டே இருக்காமல் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள்.

நம் ஊரில் எஞ்சினைச் சுற்றி மூடநம்பிக்கைக்கும் குறைவில்லை. டீசல் எஞ்சினில் ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்கிறார்கள். மாற்றிய சில நாளிலேயே கறுக்கும். புகைக்கரியை எஞ்சின் சுவரில் படியவிடாமல் தனக்குள் மிதக்கவைப்பது ஆயிலின் வேலை, கறுப்பு அது வேலை செய்வதற்கான அடையாளம். பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றுவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, பழத்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்த கையோடு, 'சாமி கேட்கட்டும்' என்பதுபோல ஆக்ஸிலேட்டரை முறுக்கி மிதிக்கிறார்களே, திருஷ்டி அங்கேதான் விழுகிறது. அரை நிமிடம் விட்டு, எஞ்சின் சூடேறும் வரை மெதுவாக ஓட்டினால் போதும். கால் மணி நேரம் நிறுத்திவைத்து 'வார்ம்-அப்' செய்வதும் தேவையில்லை. குறைந்த சுற்றில் சூடேறவும் தாமதமாகும்.

ஒரு புலம்பலுக்கு இடம் கொடுங்கள். 1966-இல் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுக்கப்பட்ட ஜோஸ்ட் அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்கிட்டது. அதன்பிறகு அந்நாட்டில் இதற்கென்றே மையங்கள் வந்தன. லாரி, பஸ், பம்ப்செட், ஆலை என்று தேய்வதற்கு இவ்வளவு இருக்கும் நம் நாட்டில், தேய்மானத்தை ஆராய்பவருக்குப் பணமும் மரியாதையும் சேர்ந்து கிடைப்பது அரிது. ராக்கெட்டுக்கு நான் எதிரியல்ல. அதன் பம்புக்குள்ளும் பேரிங் இருக்கிறது என்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

மற்றவை சுருக்கமாக. டைமிங் பெல்ட்டை கையேட்டில் சொன்ன தூரத்தில் மாற்றிவிடுங்கள், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படிந்து அடைக்கும். மாமண்டூரிலோ விக்கிரவாண்டியிலோ டீக்கு நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள், நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் டர்போ ஷாஃப்டும் இதே ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. 2015, 2023 மாதிரி வெள்ளத்தில் எஞ்சின் மூழ்கினால் சாவியைத் தொடாமல் டோ செய்யச் சொல்லுங்கள், சிலிண்டருக்குள் போன தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடு வளையும்.

வாசகரின் வண்டி பெரும்பாலும் ஊருக்குப் போய்வந்தே 3 லட்சத்தைத் தொட்டது என்றால் மெக்கானிக் பக்கம் சாய்வேன். ஓ.எம்.ஆரில் ஊர்ந்தே தொட்டது என்றால் சிலிண்டர் அழுத்தத்தைத் தக்கவைக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்துவிட்டுப் பேசலாம். எதுவாக இருந்தாலும் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட் ஓரிரு வினாடியில் அணைய வேண்டும். நான்கைந்து வினாடி எரிந்தால் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். பல ஃபில்டர்களுக்குள் ஒரு ரப்பர் மடிப்பு இருக்கும், வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. மலிவான போலி ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரமே விறைத்துப் போகும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அப்படியானால் ஒவ்வொரு காலையும் காலியான குழாய்களோடுதான் எஞ்சின் கிளம்புகிறது. பில்லோடு ஒரிஜினல் ஃபில்டர் வாங்கிப் போட்டுவிட்டு, மறுநாள் காலை வினாடியை மறுபடி எண்ணிப் பாருங்கள்.