நோய்நிர்ணயமா, நோய்நாடலா?

வன்னியில் 'டயக்னோசிஸ்' என்ற சொல்லைக் கேட்டிராத வீடு குறைவு. வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் அட்டைக்கு 'டயக்னோசிஸ் காட்' என்று பெயர். அதைப் பொலித்தீன் பையில் போட்டு, காணி உறுதியோடு சேர்த்து அலுமாரிக்குள் வைப்பார்கள். உள்ளே எழுதியிருப்பது ஆங்கிலம், அதுவும் வைத்தியரின் கையெழுத்தில்.

சொல் கிரேக்கம். 'டயா' என்றால் ஊடாக, பிரித்து. 'க்னோசிஸ்' என்றால் அறிதல். ஒரு நோயை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது என்று கொள்ளலாம். எழுத்தில் இதற்கு 'நோய்நிர்ணயம்' என்கிறோம், சில இடங்களில் 'நோயறிதல்'. ஊர்வாயில் இரண்டும் கிடையாது. "பெரியாஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் வருத்தம் பிடிபட்டது" என்பார்கள்.

'நிர்ணயம்' வடசொல், முடிவுகட்டுதல் என்று பொருள். வடசொல் என்பதற்காக அதோடு எனக்குப் பிணக்கில்லை. முடிவைச் சொல்கிறதே தவிர, அந்த முடிவுக்கு வந்த வழியை அது சொல்வதில்லை. வைத்தியப் பிழை என்று வழக்குப் போனால், நீதிமன்றம் பார்ப்பதோ வழியை.

முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்யும் என் உறவினர் ஒருவருக்குக் காய்ச்சல். இரண்டு முறை காட்டியும் 'வைரஸ் காய்ச்சல்' என்று பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் முறை போகும்போது கண் மஞ்சளித்து, சிறுநீர் குறைந்துவிட்டது. வயல் நீரில் கலக்கும் எலிச் சிறுநீரால் தொற்றும் எலிக்காய்ச்சல். உயிர் தப்பினார், சிறுநீரகம் பழுதாகிவிட்டது. முறைப்பாட்டை நான்தான் எழுதினேன்: "பிழையாக நோய்நிர்ணயம் செய்தார்கள்." சட்டத்தரணி அந்த வரியை வெட்டிவிட்டு, "உங்களிடம் என்ன கேட்டார்கள், என்ன சோதனை செய்யவில்லை, அதைச் சொல்லுங்கள்" என்றார்.

இலங்கையில் இத்தகைய நட்டஈட்டு வழக்கு ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழி வருவது. பிழை நடந்தது என்பது மட்டும் போதாது. அந்த நிலையில் தகுந்த திறமையுள்ள வைத்தியர் காட்டியிருக்கும் கவனம் காட்டப்படவில்லை என்றும், அதனால்தான் தீங்கு வந்தது என்றும் நிறுவ வேண்டும். ஒரு குழந்தையின் மூளைக் கட்டி வேறு நோயாகக் கணிக்கப்பட்ட வழக்கில், வைத்தியரின் கவனயீனத்தை 2001இல் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கவனயீனமே இறப்புக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்றது. பெற்றோருக்கு நட்டஈடு கிடைக்கவில்லை.

'கவனயீனம்' என்பதிலும் பின்பாதி வடமொழி 'ஹீன' தான். 'கவனக்குறைவு' என்று தாராளமாக எழுதலாம். ஆனால் மனுவில் நீதிமன்றம் பழகிய சொல்லையே விட்டுவையுங்கள். தமிழ்ப்பற்றைக் காட்டும் இடம் அதுவல்ல.

'டயக்னோசிஸ்' என்பதற்கு என் தெரிவு 'நோய்நாடல்'. 948ஆம் குறளின் 'நோய்நாடி' கொடுத்த வேர். நாடுதல் என்றால் தேடிப்போதல், ஆராய்தல். அப்போது 'நோய்நாடல் குறை' என்றாலே, தேட வேண்டியதைத் தேடவில்லை என்ற குற்றச்சாட்டு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள்தான் தவணை. அரச ஆஸ்பத்திரி என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். காசில்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது டயக்னோசிஸ் காட்டையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். மூலத்தைக் கொடுத்துவிடாமல் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

எங்கள் முறைப்பாட்டின் முதல் வரி இப்போது இது: "வயலில் இறங்கி வேலை செய்தீர்களா என்று இரண்டு முறையும் ஒருவரும் கேட்கவில்லை."