பத்து வருடம் காத்திருந்த நேயர்

ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பெயரில் சொல்ல மாட்டார்கள். 'ரேடியோ நெல்லு' என்பார்கள். 1960-களில் அந்த ரகம் வந்தபோது அதைப் பற்றி விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னது திருச்சி வானொலி. தலைமுறை தலைமுறையாகப் போட்ட விதையை, பெட்டியில் கேட்ட ஒரு குரலை நம்பி மாற்றினார்கள். நெல்லுக்கே வானொலியின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதையை என் அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது அதோடு கொஞ்சம் பயமும் வருகிறது. காரணம், நானும் அப்படி நம்பப்பட்ட குரலாக இருந்து, ஒருமுறை தவறாகச் சொல்லியிருக்கிறேன்.

மன்னார்குடிப் பக்கம் மனநல ஆலோசகராக இருக்கிறேன். 2011 முதல் ஒரு சமுதாய வானொலியில் மாதம் இரண்டு முறை நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருகிறேன். நான் சொல்லப்போகிற சம்பவம் 2012-ல் நடந்தது. சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தொலைபேசியில் பேசுகிறவர்களிடம் முதலில் "ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்போம். இல்லாவிட்டால் அவர் பேச்சே திரும்பி வந்து இரைச்சலாகிவிடும். அன்று பேசிய பையனிடமும் அப்படிச் சொன்னோம். "ரேடியோ இங்க இல்ல மேடம், வீட்டுல இருக்கு" என்றான். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். வீட்டில் எல்லோரும் வானொலி கேட்டுக்கொண்டிருக்க, இவன் மோட்டார் கொட்டகைக்கு வந்து பேசுகிறான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"என் ஃப்ரெண்டு ஒருத்தன் மேடம். அவனுக்குப் பொண்ணுங்க மேல எதுவும் தோணல. பசங்க மேலதான் தோணுது. என்ன பண்றது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் 'பார்த்துப் பேசுங்க' என்பதுபோல் கையைக் காட்டினார். குடும்பங்கள் கேட்கிற மாலை நேரம். நான் சொன்னேன்: "இந்த வயசுல வர்ற குழப்பம்தான் தம்பி. உங்க ஃப்ரெண்ட படிப்புல கவனம் செலுத்தச் சொல்லுங்க. போகப்போகச் சரியாயிடும்."

"சரிங்க மேடம்." அடுத்த பாட்டு போட்டார்கள்.

2022-ல், தை அறுவடை முடிந்த சமயம், ஓர் இளைஞர் என் அறைக்கு வந்தார். வைகாசியில் கல்யாணம், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. அரை மணி நேரம் வயிற்று வலியைப் பற்றியே பேசிவிட்டு, அப்புறம் சொன்னார்: "நீங்கதான் மேடம் ரேடியோவுல சரியாயிடும்னு சொன்னீங்க. பத்து வருசமா பாக்குறேன். ஆகல."

அவரில் சரியாக வேண்டியது எதுவுமே இருக்கவில்லை. அது எனக்கு 2012-லேயே தெரியும் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. ஒருபால் ஈர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990 மே 17-ல். நான் படித்த பாடம் அது. தெரிந்தும், யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்று ஒரு மழுப்பலான வார்த்தையைச் சொன்னேன். அவர் அதை மருந்துச்சீட்டுபோல் பத்திரமாக வைத்திருந்தார்.

சரி, அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும்? "உங்க நண்பருக்கு நோய் எதுவும் இல்ல. இது இயல்பான ஒண்ணு, நிறையப் பேருக்கு இருக்கு. அவரா கெட்டுப்போகல, யாரும் கெடுக்கவும் இல்ல. மனசு கஷ்டமா இருந்தா வந்து பேசச் சொல்லுங்க." இவ்வளவுதான். அரை நிமிடம் கூட ஆகாது.

இதைப் படிக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'ஒரு கால்கட்டைப் போட்டுட்டா சரியாயிடும்' என்ற யோசனை எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் தயாராக இருக்கிறது. கால்கட்டுப் போட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதை நான் பார்க்கிறேன். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என்று ஒவ்வோர் ஆஸ்பத்திரியாக அந்தப் பெண்ணைத்தான் அலைய வைத்திருக்கிறார்கள். கணவர் தன்னைத் தொட்டதே இல்லை என்பதை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து, முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவர் கெட்டவர் இல்லை. இவளும் ஒரு குற்றமும் செய்யவில்லை. தெரிந்தோ தெரியாமலோ பெரியவர்கள் போட்ட முடிச்சு அது, இரண்டு உயிரை இறுக்கிவிட்டது.

இன்னொரு வழியையும் தேடிப் போகிறார்கள். 'மாற்றித் தருகிறேன்' என்று சொல்கிறவர்களிடம் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்து வாழ்ந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒருவரின் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் இப்படிப்பட்ட 'சிகிச்சை' முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுதும் முன், தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று சொல்லி ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார் அவர். என்னைப்போன்ற தொழில்காரர்களை அதைவிட வெட்கப்பட வைத்த செய்தி வேறு இல்லை. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும், ஒரு மருத்துவர் இதைச் செய்தால் அது தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மாற்றுவதாகச் சொல்கிறவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் நேயர்களுக்கு அடிக்கடி குழம்புகிற இடம் ஒன்று உண்டு. திருநங்கை என்ற சொல் டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2008-லேயே அவர்களுக்கு நல வாரியம் வந்துவிட்டது. பரதக் கச்சேரி முறையை வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்ற திருநங்கை நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ வாங்கியதைச் சொன்னால், இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் "நம்ம பிள்ளைவாள் சிஷ்யை" என்று சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் ஆண் ஒருவருக்கு ஆண்மேல் ஈர்ப்பு என்றதும் "அப்ப அவரும் திருநங்கைதானே?" என்கிறார்கள். இல்லை. தன்னை ஆணாக, பெண்ணாக, வேறாக உணர்வது ஒன்று. யார்மேல் மனம் போகிறது என்பது வேறொன்று. இதைச் சொல்ல எங்களுக்குச் சொல்லே இல்லாமல் இருந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு (தன் பாலைச் சேர்ந்தவர்மேல் வரும் ஈர்ப்பு), திருநம்பி (பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்), பால்புதுமையர் (இப்படிப் பாலினத்திலோ ஈர்ப்பிலோ வேறுபட்ட எல்லோருக்கும் பொதுப்பெயர்) போன்ற சொற்களை அதற்குப் பிறகு நிகழ்ச்சியில் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகம் தெரியாது, அதனால் மனம்விட்டுப் பேசலாம் என்பது பெரிய நிலையங்களுக்குப் பொருந்தும். சமுதாய வானொலிக்கு 100 வாட்தான் அனுமதி. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் போகும். பேசுகிறவரின் குரலை அடுத்த தெருவில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். பெயரைக் கேட்காமல் விட்டால் மட்டும் போதாது. இப்போது இந்த மாதிரிக் கேள்வியை நேரலையில் எடுப்பதில்லை. தனியே பேசிவிட்டு, கேள்வியை எங்கள் அறிவிப்பாளரின் குரலில் ஒலிபரப்புகிறோம். 'ஃப்ரெண்டுக்காக' என்று கேட்டால் ஃப்ரெண்டுக்கே பதில் சொல்கிறோம், "உண்மையிலேயே ஃப்ரெண்டுக்குத்தானா?" என்று சிரித்துக்கொண்டு கேட்க மாட்டோம்.

எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. நான் ஒருமுறை ஒரு நிலையத்தில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்து செருப்பைப் போடுகிறேன். அதற்குள் ஒலிபெருக்கியில் ஒரு பழைய படக் காமெடி. பெண்மைச் சாயலோடு நடக்கும் ஒருவரைக் கேலி செய்யும் காட்சி. யாரும் வேண்டுமென்று போடவில்லை. பட்டியலில் அடுத்து அதுதான் இருந்தது. ஆனால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு எது மனதில் நிற்கும்? உங்கள் நிலையத்துக் கணினியில் இருக்கும் காமெடித் தொகுப்பை ஒரு நாள் உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். கேட்டாலே எதை நீக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

காலம் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம், வயது வந்த, ஒரே பாலைச் சேர்ந்த இருவர் மனமொத்து உறவுகொள்வது குற்றமில்லை என்று சொன்ன பிறகு, கேள்விகளில் 'என் ஃப்ரெண்டு' குறைந்து 'எனக்கு' வர ஆரம்பித்தது. இப்போது அம்மாக்களே பேசுகிறார்கள். ஆனால் அப்பாக்கள் இன்னும் பேசுவதில்லை. என்னிடம் வந்த அந்தத் தம்பியின் கல்யாணம் நின்றது. முதலில் அக்காவிடம் சொன்னார், அக்காதான் வீட்டில் பேசினார். பெண் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, செலவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா ஒரு வருடத்துக்கு மேல் பேசவில்லை. தம்பி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். இப்போது அப்பா போன் செய்கிறார். ஆற்றில் தண்ணீர் வந்ததா, நாற்று விட்டாயிற்றா என்பதோடு வைத்துவிடுகிறார். அதுவே பெரிய விஷயம் என்கிறார் தம்பி.

அருகில் பேச ஆள் இல்லாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையை அழைக்கலாம். அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.

போன குறுவை நடவு நேரத்தில் ஓர் அப்பாயி நிலையத்துக்குப் போன் செய்தார். அவர் பேரனைப் பற்றி முன்பு கொஞ்சம் பேசியிருக்கிறோம். வரப்பிலிருந்து பேசினார், பின்னால் நடவுப் பெண்களின் சத்தம். "ஏம்மா, அன்னிக்கு ஒரு வார்த்த சொன்னியே, அதை மெதுவா ஒருவாட்டி சொல்லு. எம்மவன்கிட்ட நான் சொல்லணும்."

சொன்னேன். தன்... பால்... ஈர்ப்பு. அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை சரியாக வந்தது.