பிசிறு நீக்கல்: கைமுறையும் தானியங்கியும்

உலோகத்தைக் கடையும்போதோ துளையிடும்போதோ, வெட்டுக்கருவி விளிம்பைக் கடந்து வெளியேறும் இடத்தில், உலோகத்தின் ஒரு சிறு பகுதி சீவலாக அறுபட்டு விழாமல் மடிந்து, மெல்லிய இதழாக விளிம்போடு ஒட்டி நின்றுவிடுகிறது. பட்டறைகளில் இந்த இதழுக்குப் 'பர்' என்றும், அதை எடுக்கும் வேலைக்கு 'டீபரிங்' என்றும் வழங்கும் சொற்களுக்குத் தமிழில் பிசிறு, பிசிறு நீக்கல் என்பவை பொருந்தும்.

'பர்' என்ற ஆங்கிலச் சொல் முதலில் ஆடையில் ஒட்டிக்கொள்ளும் முள் விதையைக் குறித்தது. டேனிய மொழியின் 'போரே' அதன் உறவுச் சொல். உலோக விளிம்பின் சொரசொரப்பை அது குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். பிற மொழிகள் இதே பொருளை வேறு கண்ணோடு பார்த்திருக்கின்றன: ஜெர்மானியர் மலைமுகட்டைக் குறிக்கும் 'கிராட்' என்ற சொல்லை ஆள்கின்றனர், பிரெஞ்சின் 'பவூர்', ஸ்பானியத்தின் 'ரெபாபா' ஆகிய இரண்டும் எச்சில் ஒழுகுதலிலிருந்து பிறந்தவை. ஆங்கிலத்தில் ஒரு குழப்பமும் உண்டு. நீக்கப்படும் பொருளுக்கும், அதை நீக்கப் பயன்படும் சுழல் அரத்துக்கும் அங்கே 'பர்' என்பதே பெயர். தமிழில் பிசிறு வேறு, சுழல் அரம் வேறு என்று எழுதிவிட்டால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

பிசிறு என்பது இதற்காகப் புதிதாக ஆக்கப்பட்ட சொல் அன்று. துணியின் ஓரத்தில் பிரிந்து தொங்கும் நூலைப் பிசிறு என்கிறோம். பாடகரின் குரல் பிசிறு தட்டியது என்றும் சொல்கிறோம். முழுமையாக அறுபடாமல் விளிம்பில் தங்கிவிட்டது என்ற கருத்து இச்சொல்லிலேயே அடங்கியிருப்பதால், உலோகத்துக்கும் அது இயல்பாக அமைகிறது. 'பிசிர்' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் பழைய இலக்கியத்தில் அவ்வடிவம் நீர்த்திவலையைக் குறிப்பதால், தொழிற்சொல்லாக வல்லின றகர வடிவமே தெளிவானது. மெருகூட்டல், மழுக்கல் ஆகியவற்றை டீபரிங்குக்கு ஈடாக எழுதுவது தவறு: மெருகூட்டல் பரப்பைப் பற்றியது, மழுக்கல் விளிம்பின் கூர்மையையே குறைப்பது. பிசிறு நீங்கிய விளிம்பு கூராகவே இருக்கலாம். சில இடங்களில் அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

'மேனுவல்' என்பது கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'மானுஸ்' என்பதிலிருந்து வந்தது. கைமுறை என்பது அதற்கு நேரான ஈடு. 'ஆட்டோமேஷன்' என்ற சொல் 1940களில் ஃபோர்டு நிறுவனத்தில், பாகங்களை ஓர் எந்திரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தானாக நகர்த்தும் ஏற்பாட்டின் பெயராகப் பரவியது. எனவே தானியங்கி என்பதை எந்திரத்தால் செய்வது என்று மட்டும் விளக்கினால் போதாது. காற்றழுத்தத்தால் சுழலும் அரத்தைக் கையில் பிடித்து ஒருவர் விளிம்பைச் சீராக்கினால், கருவி எந்திரமாக இருந்தாலும் வேலை கைமுறையே. எங்கே, எவ்வளவு எடுப்பது என்பதை அவருடைய கண்ணும் விரலும் முடிவு செய்கின்றன. அந்த முடிவு கணினி நிரலுக்கோ செயல்முறைக்கோ கைமாறும்போதுதான் தானியங்கிப் பிசிறு நீக்கல் என்ற பெயர் பொருந்துகிறது.

தானியங்கி முறைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. அதிர்வுத் தொட்டியில் பீங்கான் அல்லது நெகிழிக் கற்களோடு பாகங்களைக் குலுக்கும் முறை மலிவானது, ஆனால் கண்ணில்லாதது. பிசிறு உள்ள விளிம்பையும் இல்லாத விளிம்பையும் ஒருசேர உராய்கிறது. வெப்ப முறையில், அடைத்த கலனுக்குள் எரிவாயுவையும் ஆக்சிஜனையும் நிரப்பிக் கொளுத்துகின்றனர். எடைக்கு மிகுந்த பரப்பு கொண்ட மெல்லிய பிசிறு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் எரிந்துபோக, தடித்த உடற்பகுதி அவ்வளவாகச் சூடேறுவதில்லை. உள்ளே இரு துளைகள் குறுக்கிடும் இடத்தில் அரம் நுழையாது என்பதால், அத்தகைய இடங்களுக்கு இம்முறையும், மின்பகுளி எனப்படும் மின்கடத்தும் கரைசலின் வழியே பிசிறைக் கரைக்கும் மின்வேதி முறையும் உதவுகின்றன. ரோபோக் கைக்கு இருக்கும் தொல்லை வேறு வகையானது. ஒரே நிரலில் வெட்டிய பாகங்களிலும் கருவி மழுங்க மழுங்கப் பிசிறு தடிக்கும். அலுமினியம், செம்பு, மென்னெஃகு போன்ற இழுபடும் உலோகங்களில் பிசிறு இயல்பாகவே மிகுதி. ஆகவே நிலையான பாதையில் மட்டும் செல்லும் கை போதாமல், அழுத்தத்துக்கேற்ப விட்டுக்கொடுக்கும் சுழல்தலையோ விசையுணரியோ சேர்க்கப்படுகிறது. அனுபவமுள்ள கைக்கு இந்த விட்டுக்கொடுத்தல் இயல்பாக வருவது. ஆனால் நாள் முழுதும் ஒரே சீராக வருவதில்லை.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் நீரியல் கட்டுப்பாட்டு வால்வில் நகரும் உருளைத்தண்டு இந்த வேறுபாட்டை நன்கு காட்டும். அதில் பிசிறு இருந்தால் உடைந்து இடுக்கில் சிக்கித் தண்டை நிறுத்திவிடும். விளிம்பை வளைவாக மழுக்கினாலோ எண்ணெயின் அளவீடு பிழைக்கும். இத்தகைய பாகத்தின் வரைபடத்தில் 'பிசிறு நீக்குக' என்று மட்டும் எழுதினால், அது எவ்வளவு என்பதைக் கைவேலையாளர் தம் பழக்கத்தால் நிரப்பிக்கொள்வார். நிரல் எழுதுபவருக்கு எண் வேண்டும். பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் 13715 தரநிலை அதற்கென்றே ஒரு குறியீட்டை வகுத்துள்ளது: வெளிவிளிம்பில் கூட்டல் குறி அனுமதிக்கப்பட்ட பிசிறையும், கழித்தல் குறி எடுக்கப்பட வேண்டிய பொருளையும் மில்லிமீட்டரில் சுட்டும். இருபுறமும் 0.05 மில்லிமீட்டருக்குள் அடங்கும் விளிம்பை அது கூர்விளிம்பாகவே கொள்கிறது.