டிரிப்பர் எப்போது விழுகிறது?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் என் போனுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே ரகம். "தம்பி, வளவுல லைட் டிரிப்பர் நிக்கவே மாட்டேங்குது. பழசாப் போச்சு போல. பெருசா ஒண்ணு வாங்கியாந்து மாட்டிருப்பா." காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஊர்தான் மாறும், பேச்சு மாறாது. (வளவு என்பது எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் உள்முற்றம்.) "பெருசு சிறுசு அப்புறம் பாப்போம் ஆச்சி. எப்ப விழுதுன்னு மட்டும் சொல்லுங்க. தூக்கின உடனேயா, கொஞ்ச நேரம் கழிச்சா, மழை பேஞ்சாலா?" என்பேன். பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. 9 வாட் எல்.இ.டி. பல்பு பத்து எரிந்தாலும் மொத்தம் 90 வாட். 230 வோல்ட்டில் அது அரை ஆம்பியர்கூட இல்லை. லைட் லைனில் இருக்கும் டிரிப்பரோ, அதாவது எம்.சி.பி.யோ, 6 அல்லது 10 ஆம்பியர். குண்டு பல்பு காலத்தில் லோடு கூடி டிரிப் ஆனது என்றால் நம்பலாம். இன்று லைட் லைன் விழுந்தால், யாராவது அதில் அயர்ன் பாக்ஸைச் செருகியிருந்தால் ஒழிய, லோடு காரணமில்லை. வயரிலோ, இணைப்பிலோ, விளக்கிலோ கோளாறு இருக்கிறது. டிரிப்பர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

அதை 32 ஆம்பியருக்கு மாற்றினால் என்ன ஆகும்? லைட்டுக்கு இழுத்திருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். பைப்புக்குள் ஓடும்போது ஏறத்தாழ 15 ஆம்பியர்தான் அது தாங்கும். 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ 36 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் விழக் கூடாது என்பதுதான் அதன் தரநிலை. வயர் உருகி முடிந்த பிறகும் அது நின்றுகொண்டுதான் இருக்கும். மேலே இருப்பதோ பர்மா தேக்கு மச்சு.

இனி, விழும் நேரத்துக்கு வருவோம்.

தூக்கிய கையோடு பட்டென்று விழுந்தால் ஷார்ட். லைட் சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, லீவரை முழுக்கக் கீழே அழுத்திப் பிறகு தூக்குங்கள். நின்றால், ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த விளக்கில்தான் வினை. முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள், காசு குறைவு. எல்லாம் அணைந்திருந்தும் விழுந்தால் கோளாறு வயரில், அது எங்கள் வேலை. இரண்டு முறைக்கு மேல் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஷார்ட் ஆன இடத்தில் தீப்பொறி பறக்கிறது.

அரை மணி, ஒரு மணி கழித்து விழுந்தால் பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன். எம்.சி.பி.யின் ஸ்க்ரூ தளர்ந்து சூடாகி, அந்தச் சூட்டிலேயே உள்ளிருக்கும் தகடு வளைந்து விழுந்துவிடும். டிரிப்பர்கள் இருக்கும் டி.பி. பாக்ஸ் பக்கத்தில் தீய்ந்த வாடை அடிக்கும். மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மழைக்கு விழுவது நம் பக்கத்து வீடுகளுக்கே உரிய தொல்லை. வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் ஓடு ஒன்று விலகியிருக்கும். தண்ணீர் உத்தரத்தின் வழியாக ஊர்ந்து, விளக்கு வயரை மச்சில் இணைக்கும் சீலிங் ரோஸுக்குள் இறங்கும். கழற்றினால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு, ஊறிப்போன சுண்ணாம்புத் தூள், சில வீடுகளில் செத்துக் காய்ந்த பல்லி. பழைய மரச்சட்ட வயரிங் இன்னும் இருக்கும் வீடுகளில் நூல் சுற்றிய ரப்பர் வயர் கைபட்டாலே பொடிகிறது. அங்கே ஒட்டுப்போட்டுப் பயனில்லை, அந்த லைன் முழுவதையும் புதிதாக இழுக்க வேண்டும். ஓட்டைச் சரிசெய்யாமல் வயரை மட்டும் மாற்றினால் அடுத்த ஐப்பசிக்கும் நான்தான் வரவேண்டியிருக்கும்.

குழப்பத்திலேயே பெரிய குழப்பம், மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுவது. (நம் ஊர்க் கடைகளில் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றுதான் கேட்பார்கள்.) போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அது விழ வேண்டும். ஒரு வீட்டில் லைட்டெல்லாம் அணைத்திருக்கும், ஆனால் மிக்சியைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழும். மிக்சியைக் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டியபோது, "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். காரணம், வளவு லைட் ஒன்றின் நியூட்ரல் ஈரச்சுவரில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவிட்ச் துண்டிப்பது மின்சாரம் வரும் பேஸ் வயரை மட்டும்தான், நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். மிக்சி ஓடும்போது திரும்பிவரும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த ஈரச்சுவர் வழியாக எர்த்துக்குப் போய்விடுகிறது. டெஸ்டரில் இது தெரியாது. பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, அந்த லைனின் நியூட்ரலைத் தனியே பிரித்து, 500 வோல்ட் மெக்கர் (வயரின் காப்பு நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைன் ஆகாது. மெக்கர் இல்லாமல் வந்து, "ஆர்.சி.சி.பி. கோளாறு, எடுத்துடலாம்" என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் யோசித்தே வேலை கொடுங்கள்.

விழாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. பட்டாலையில் (கூடத்தில்) தொங்கும் பழைய பெல்ஜியம் சரவிளக்குகள் பலவற்றுக்கு எர்த்தே கிடையாது. பித்தளைக் கைக்குள் ஓடும் வயர் உரிந்து விளக்கின் உடம்பைத் தொட்டாலும் எம்.சி.பி.க்கு ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்கு ஏணி போட்டுத் துடைக்கிற பையனுக்குத்தான் தெரியும். துடைப்பதற்கு முன் அந்த லைனின் எம்.சி.பி.யை இறக்குங்கள், சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வீடுகளில் நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் வாசல் லைட்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் தனி எம்.சி.பி. வைத்து, மற்றதை இறக்கிவிட்டுப் போகலாம். வாட்ச்மேனிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள்: மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கணும், அது விழலைன்னா உடனே போன் பண்ணணும்.