ஜூன் 5-க்குக் குழி வெட்டும் கம்பெனிகளுக்கு

போன மாதம் தென்மாவட்டத் தொழிற்சாலை ஒன்றுக்கு மரம் எண்ணப் போயிருந்தேன். என் பிழைப்பே அதுதான். வனவியல் படித்தவன். கம்பெனிகள் நட்டதாகச் சொல்லும் மரங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா, இருந்தால் எவ்வளவு கார்பனைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று அளந்து அறிக்கை கொடுப்பேன்.

பதிவேட்டில் 10,000 கன்று. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று நட்டது. ஆண்டறிக்கையில் அதற்கு ஒரு முழுப் பக்கம், ஆலையின் உமிழ்வை மரங்களால் ஈடு செய்கிறோம் என்று பச்சை எழுத்தில். இடத்துக்குப் போனால் வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டு, ஒவ்வொன்றிலும் கம்பெனி பெயர் எழுதிய தகடு, உள்ளே எட்டிப் பார்த்தால் கோரைப் புல்லும் காய்ந்த குச்சியும். ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தேன், முள்ளங்கி மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் நர்சரியில் இருந்து வந்த கருப்பு பாலிதீன் பை அப்படியே இருந்தது. பையைக் கிழிக்காமலே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். வேர் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பந்தாகிச் செத்திருந்தது.

பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த அக்காவிடம், "தண்ணி ஊத்துனீங்களாக்கா?" என்று கேட்டேன். "வண்டி வந்தவரைக்கும் ஊத்துனோம் சார். அந்த வருசம் பொங்கலோட வண்டி நின்னுபோச்சு, பில்லு பாஸாகலையாம்" என்றார். இதற்குள் கம்பெனி அதிகாரி வந்துவிட்டார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்து முடித்ததும் மெதுவாக, "எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க சார், மேல அனுப்பணும்" என்றார்.

இந்த வருடம் இது நான்காவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மரம் எப்படிக் கரியமில வாயுவை இழுக்கிறது என்றெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை, அது பள்ளிப் பாடம். என்னைப் படுத்துவது வேறு ஒன்று. அது இந்த 22 கிலோ கணக்கு.

எந்தக் கம்பெனி ஃபைலைத் திறந்தாலும் இது இருக்கும். ஒரு மரம் வருடத்துக்கு 22 கிலோ கரியமில வாயுவை உறிஞ்சும், 10,000 மரம் நட்டோம், ஆக வருடத்துக்கு 220 டன் கழிந்தது. சரி, அந்த 22 எங்கிருந்து வந்தது? வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 48 பவுண்டு உறிஞ்சும் என்று இணையத்தில் பல காலமாகச் சுற்றிவரும் ஒரு பொத்தாம்பொதுவான எண், அதைக் கிலோவாக்கினால் 22. வளர்ந்த மரம் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் நட்டது முழங்கால் உயரக் கன்று. பால்குடிக் குழந்தையின் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு ஆள் கூலியைக் கணக்கெழுதுகிற வேலை இது.

எங்கள் கணக்கு இப்படிப் போகும். மரத்தின் நெஞ்சு உயரத்தில், அதாவது தரையில் இருந்து 1.37 மீட்டரில், டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுப்போம். அதிலிருந்து அந்த இனத்துக்கு உரிய சமன்பாட்டை வைத்து உலர் எடை. வேருக்குத் தனியாக ஒரு விகிதம். உலர் எடையில் கார்பன் ஏறக்குறைய பாதி (நாங்கள் 0.47 என்று போடுவோம்). கார்பனை 44/12-ஆல் (கரியமில வாயுவின் எடைக்கும் அதிலுள்ள கார்பனின் எடைக்கும் உள்ள விகிதம்) பெருக்கினால் கரியமில வாயு. இப்போது இரண்டு வயது வேப்பங்கன்று ஒன்றை வேரோடு பிடுங்கிக் காய வைத்து நிறுத்தால், நன்றாகவே வளர்ந்தது என்று வைத்துக்கொண்டு, இரண்டு கிலோ வருகிறது என்போம். அதில் இருப்பது சுமார் மூன்றரைக் கிலோ கரியமில வாயு. வருடத்துக்கு அல்ல, இரண்டு வருடத்துக்கும் சேர்த்து மொத்தமே அவ்வளவுதான். உங்கள் ஃபைலில் அதே கன்றின் பேரில் 44 கிலோ ஏறியிருக்கிறது. செத்த கன்றின் பேரிலும் அதே 44. நெஞ்சு உயரத்துக்கே வராத கன்றில் நான் டேப்பை எங்கே சுற்றுவது, அதையாவது சொல்லுங்கள்.

ஒரு தொழில் ரகசியம். தண்ணீர் லாரி ஒரு நடைக்குப் பத்து லிட்டர் டீசல் குடித்தால் 27 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. ஏழெட்டுக் கன்று இரண்டு வருடம் பாடுபட்டுச் சேர்த்தது ஒரு நடையில் காலி. அதற்காகத் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள்! முதல் சில வருடம் தோட்டம் கடனில்தான் ஓடும், அதையும் கணக்கில் எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, வாதத்துக்கு அந்த 22 கிலோவையே ஒத்துக்கொள்வோம். 10,000 மரமும் பிழைத்து வளர்ந்து நிற்கிறது, 220 டன். உங்கள் பாய்லர் ஒரு நாளைக்கு 40 டன் நிலக்கரி தின்கிறது. நம் நாட்டு நிலக்கரி ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் கரியமில வாயு. (கரியைவிடப் புகை எப்படி சார் எடை கூடும் என்று பயிற்சி வகுப்பில் யாராவது கேட்காமல் இருந்ததில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேருகிறது இல்லையா.) ஆக, நாளொன்றுக்கு 60 டன். 220-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள், நான்கு நாள்கூட வராது. முழு வருடத்துக்கும் மரம் நட்டு, திங்கள் முதல் வியாழன் வரைகூட ஈடு கட்டவில்லை. இதுவும் பொய்க் கணக்கில் வந்த நல்ல விடை.

சிமென்ட்காரர்கள் கதை இன்னும் மோசம். அங்கே வருகிற கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளில் இருந்து வருவதில்லை, சூளையில் சுண்ணாம்புக்கல் உடையும்போதே வருகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது போகாது. சூளையில் இருந்து வரும் கிளிங்கர் என்ற கட்டியைச் சிமென்டில் குறைத்து, அனல் மின் நிலையச் சாம்பலும் இரும்பு ஆலைக் கசடும் கூட்டுவதுதான் கையில் இருக்கிற முதல் வழி. அதைப் பேசக் கூட்டம் போட்டால் சுற்றுச்சூழல் பிரிவினர் வரமாட்டார்கள், உற்பத்திப் பிரிவு வேலையாம்.

அடுத்தது கிரீன் பெல்ட். ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போதே, இத்தனை சதவீத இடத்தில் மரம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிடுவார்கள். நெடுங்காலமாகப் பெரும்பாலான ஆலைகளுக்கு அது 33% ஆக இருந்தது. அந்த மரத்தை நீங்கள் வைத்தே ஆக வேண்டும், வைக்காவிட்டால்தான் நோட்டீஸ். அதையே எடுத்து இன்னொரு பக்கத்தில் "நாங்களாக முன்வந்து செய்த கார்பன் ஈடு" என்று எழுதினால் எப்படி? வாடகை கொடுத்ததைத் தர்மக் கணக்கில் எழுதுவது மாதிரிதான். கார்பன் கணக்கில் முதல் கேள்வியே, இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் இந்த மரம் வந்திருக்குமா என்பதுதான். வந்திருக்கும் என்றால் கழிக்க ஒன்றுமில்லை. சி.எஸ்.ஆர். பணத்தில், அதாவது கம்பெனி சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணத்தில் நட்டதற்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பாதி ஃபைல் மெலிந்துவிடும். மரம் வளர்ப்பு போன்ற பசுமை வேலைக்கென்று 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த கிரீன் கிரெடிட்டை, கரியமில வாயுவைக் குறைத்ததற்குக் கிடைக்கும் கார்பன் கிரெடிட் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு. அதிலேயே இப்போது நட்டு ஐந்து வருடம் ஆகி, விதானம் (மேலே கிளையும் இலையும் சேர்ந்த கூரை) 40% மூடியிருந்தால்தான் கணக்கில் சேரும் என்று மாற்றிவிட்டார்கள். குழியை எண்ணுகிற காலம் அங்கேயும் முடிந்துவிட்டது.

மரத்தைக் கொண்டு புகையை ஈடு கட்டும் யோசனை ஒன்றும் புதிதல்ல. 1988-லேயே அமெரிக்காவின் ஏ.இ.எஸ். மின் நிறுவனம், கனெக்டிகட்டில் கட்டிய நிலக்கரி மின் நிலையத்துக்கு ஈடாகக் குவாத்தமாலாவில் 5.2 கோடி மரம் நட, கேர் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது. உலகத்தின் முதல் கார்பன் ஈட்டுத் திட்டம் என்று இதைத்தான் சொல்வார்கள். பிற்பாடு போய் மதிப்பிட்டபோது, குறி வைத்த அளவு கார்பன் சேரவில்லை. மரத்தை வளர்க்க வேண்டியவர்கள் அடுப்புக்கு விறகு தேடுகிற சிறு விவசாயிகள், அவர்கள் தேவை ஒன்று, திட்டத்தின் தேவை இன்னொன்று. நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கைச் சுற்றி வேலி போட்டுவிட்டு, ஆடு உள்ளே வந்துவிட்டது என்று புகார் சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். கீதாரி தலைமுறை தலைமுறையாகக் கிடை போட்ட இடம் அது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

எல்லா வெற்று இடமும் மரத்துக்காகக் காத்துக் கிடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து வாட்டில் என்ற வெளிநாட்டு மரமும் தைலமரமும் வைத்தார்கள், இன்றைக்கு வாட்டிலைப் பிடுங்கிப் புல்லைத் திரும்பக் கொண்டுவரத்தான் பணம் செலவாகிறது. சீக்கிரம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வைக்காதீர்கள், தமிழக அரசு 2025-ல் அதைத் தடை செய்துவிட்டது. சவுக்கு வைத்துவிட்டு நான்காம் வருடம் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், தாராளமாகச் செய்யுங்கள், நல்ல வியாபாரம். ஆனால் வெட்டுவதற்கு முந்தைய நாள் இருந்த எடையைக் காட்டாதீர்கள், பல வெட்டுக்குச் சேர்த்து சராசரியாக நிலத்தில் நிற்கிற எடையைக் காட்டுங்கள்.

வெட்டாமல் விட்டாலும் மரம் நிரந்தரம் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. மறுநாள் காலையில் டெல்டாவில் விழுந்து கிடந்த தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரி கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்கடியில் சும்மா கிடந்த கார்பன், அதை எடுத்துவிட்டு ஒரு புயலில் விழக்கூடியதை அந்த இடத்தில் வைக்கிறோம். கியோட்டோ என்ற உலகக் காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் விதி எழுதியவர்களுக்கே இது தெரிந்திருந்தது. அதனால்தான் காடு வளர்ப்புக்குக் கொடுத்த கிரெடிட்டுக்கு மட்டும் காலாவதித் தேதி போட்டார்கள், மாத்திரை அட்டையில் போடுவது மாதிரி.

திருப்பூர், ஆம்பூர் ஏற்றுமதியாளர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், மரம் நட்டுப் பயணப் புகையை ஈடு செய்யலாம் என்ற தோரணையில் கே.எல்.எம். விமான நிறுவனம் செய்த விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துபவை என்று தீர்ப்புச் சொன்னது. கார்பன் ஈட்டை மட்டும் காட்டி ஒரு பொருளைக் "கார்பன் நியூட்ரல்" என்று நுகர்வோருக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்கிறது. சட்டை லேபிளில் மரம் படம் போடுவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள், என்னைப் பார்க்காதீர்கள்.

அப்படியானால் மரமே நட வேண்டாமா என்று கோபப்படுவீர்கள். ஐயா, நடுங்கள். நிழலுக்கு நடுங்கள், தூசிக்கு நடுங்கள், பறவைக்கு நடுங்கள். ஆலைச் சுவரோரம் பூவரசும் புங்கனும் நின்றால் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நின்று பேச ஓர் இடமாவது கிடைக்கும். புகையைக் குறைக்கிற வேலைக்குப் பதிலாக நடாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். ஆண்டறிக்கையில் உமிழ்வு ஒரு பக்கம் இருக்கட்டும், மரம் வேறு பக்கம் இருக்கட்டும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காதீர்கள்.

நடுவதென்று முடிவு செய்துவிட்டால் ஜூன் 5-ஐ மறந்துவிடுங்கள். அது கேரளாவுக்குச் சரியாக வரலாம். தூத்துக்குடியிலும் ராமநாதபுரத்திலும் அது வைகாசி வெயில், அதன் பின்னாலேயே ஆனி ஆடிக் காற்று கன்றைப் பிடித்து உலுக்கும், மழை ஐப்பசியில்தான். கரிசல்காட்டு விவசாயி யாராவது வைகாசியில் மானாவாரி விதைத்துப் பார்த்திருக்கிறீர்களா? புரட்டாசியில் முதல் மழை நனைந்ததும் நடுங்கள். ஜூனில் குழியை மட்டும் வெட்டி ஆறப் போடுங்கள், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இறுகிய மண் என்றால் இரண்டடி. விருந்தினரை வைத்துப் போட்டோ எடுத்தே தீர வேண்டும் என்றால் குழியோடு எடுங்கள். பையைக் கிழியுங்கள், கிழித்த பைகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் நான் கண்ட ஒரே நம்பகமான சோதனை. பாத்தி கட்டி, காய்ந்த இலைதழையால் மூடாக்குப் போடுங்கள். தண்ணீருக்கும் காவலுக்கும் மூன்று வருடப் பணத்தை நடும் அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள், அது இல்லை என்றால் பத்தாயிரத்தை ஆயிரமாகக் குறையுங்கள். ஏக்கருக்கு மூன்று மீட்டர் இடைவெளியில் 450 கன்றுக்குமேல் தாங்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், சில ஃபைல்களில் எழுதியிருக்கும் எண்ணிக்கையை அந்த நிலத்தில் நட வேண்டுமானால் மரத்தின் மேல் மரம் வைக்க வேண்டும்.

அந்த ஆலைக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் எண்ணிக்கையை நான் பார்த்துப் போடவில்லை, பார்த்ததைப் போட்டேன். திரும்ப அழைப்பார்களா தெரியாது. அழைத்தால் அக்டோபரில் அழைக்கட்டும், டேப்போடு வருகிறேன், புது இடத்தைக் காட்டுவதற்கு முன் பழைய இடத்தைக் காட்டட்டும். அன்றைக்கு நான் கூண்டு கூண்டாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பக்கத்து பாய்லர் ஹவுஸில் ஒரு ஸ்டீம் டிராப், அதாவது நீராவிக் குழாயில் தண்ணீரை மட்டும் வெளியே விட வேண்டிய வால்வு, நீராவியைக் கக்கிச் சீறிக்கொண்டே இருந்தது. அதை மாற்றுவதற்கு மட்டும் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம்.