மயக்க மருந்தல்ல, அமர்த்து மருந்து

போன மாதம் என் சித்திக்கு எண்டோஸ்கோபி. கையெழுத்துப் போடக் கொடுத்த படிவத்தில் ‘மயக்க மருந்து செலுத்தப்படும்’ என்று இருந்தது. சித்தி வெலவெலத்துப் போனார். “ஆபரேஷனாடா பண்ணப் போறாங்க?” உள்ளே கொடுத்தது மிடசோலம். அது செடேட்டிவ் வகை. பேர் சொல்லிக் கூப்பிட்டபோது ‘ம்’ கொட்டினார்.

உணர்வே இல்லாமல் செய்வது அனஸ்தீசியா. மயக்க மருந்து என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். செடேட்டிவ் பரபரப்பைக் குறைப்பது. அளவு கூடினால் தூக்கம் வரும். 2023-இல் அரிக்கொம்பன் யானையைப் பிடித்தபோதும் எல்லாச் செய்தியிலும் ‘மயக்க ஊசி’தான். ஆனால் யானை விழவில்லை. நின்றபடியே இருந்தது, கும்கிகள் நெட்டித்தள்ளி லாரியில் ஏற்றின. மயங்கிய யானையை அப்படி ஏற்ற முடியுமா?

சரி, வேறு என்ன சொல்வது? ‘அமைதியூட்டி’ என்கிறார்கள் சிலர். எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. நிறமூட்டி, சுவையூட்டி என்றால் இல்லாததைச் சேர்ப்பது. டயசிபாம் என்ற செடேட்டிவ் மாத்திரை எதையும் ஊட்டுவதில்லை. மூளையில் ஏற்கெனவே உள்ள காபா என்ற வேதிப்பொருளின் அடக்கும் வேலையைக் கூட்டி, நரம்புகளின் துடிப்பைத் தணிக்கிறது. அவ்வளவுதான். அப்புறம், அமைதி என்பது பெரிய சொல். மகனைப் பறிகொடுத்தவருக்கு மாத்திரையால் அமைதி வந்துவிடுமா? படபடப்பு கொஞ்சம் அடங்கும். தொடர்ந்து விழுங்கினால் விட முடியாத பழக்கமாகிவிடும் மருந்துக்கு, விளம்பரம் போல இப்படி ஒரு பெயர் வைப்பது தவறு.

இலத்தீனில் ‘செடேரே’ என்றால் உட்காருதல். அதோடு உறவுள்ள ‘சேடாரே’ என்றால் தணித்தல், அடங்கச் செய்தல். இதிலிருந்து வந்ததுதான் செடேட்டிவ். நம் ‘அமர்’ அப்படியே இதற்கு இணை. உட்காருவதும் அமர்தல், அடங்குவதும் அமர்தல். விளக்கை அமர்த்து என்கிறோம். அலட்டாமல் பாடுவதை அமரிக்கையான பாட்டு என்கிறோம். ‘அமர்த்து மருந்து’ என்றால் பாட்டிக்கும் புரியும்.

படிவங்களை மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். செய்தி எழுதுபவர்களோ ஒரே பத்தியில் தூக்க மாத்திரை, போதை மருந்து, மயக்க மருந்து மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரண்டு வேறு மருந்துக்கு ஒரே பெயர் இருந்தால், எதற்குச் சம்மதித்தோம் என்று கையெழுத்துப் போட்டவருக்கு எப்படித் தெரியும்?