பழுப்பு நிறமெல்லாம் தவிடு இல்லை

நாகர்கோவிலில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சர்க்கரையும் மலச்சிக்கலும் சேர்ந்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சாயாவோடு என்ன சாப்பிடுவீர்கள்?" என்பதுதான். தக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உடனே சொன்னார்: "பிஸ்கட்டை எல்லாம் விட்டுட்டேன் மேடம். இப்போ தவிட்டு மஃபின்தான், தினம் ரெண்டு." கிண்ணம் போன்ற அச்சில் சுடும் அந்தச் சிறு கேக்கை மூன்று மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார். சர்க்கரை ஏறியிருந்தது. வயிறும் இளகவில்லை.

அடுத்த முறை அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பின்பக்கத்தில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் எண்ணெய். ஏழாவது இடத்தில்தான் கோதுமைத் தவிடு. எடையில் அதிகமான பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு உணவு லேபிள் விதி. ஏழாவதாக இருப்பது எவ்வளவு சொற்பம் என்று நீங்களே கணக்குப் போடலாம். அந்தப் பழுப்பு நிறம் கேரமலிலிருந்து வந்தது. அதையும் அதே பட்டியலில் எழுதியிருந்தார்கள். அவர் ஏமாந்தார் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பின்பக்கத்தைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வீட்டில் செய்தால் நிலைமை வேறு. 100 கிராம் கோதுமைத் தவிட்டில் ஏறக்குறைய 43 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. நமக்கு ஒரு நாளைக்கு 30 கிராமாவது வேண்டும். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்குழம்பும், வெள்ளைச் சோறும் மீனும் என்று போகும் நாட்களில் அதில் பாதிகூடச் சேர்வதில்லை. சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும், கீரைத் துவரனும் தினமும் இருக்கும் வீட்டுக்கு மஃபின் அவசியமே இல்லை என்பேன்.

டிசம்பரில் கேக்குக்காக வெளியே வரும் ஓவன் நம் மாவட்டத்தில் நிறைய வீடுகளில் மற்ற மாதங்களில் சும்மாதான் கிடக்கிறது. 12 மஃபினுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் அளவு இது: தவிடு 80 கிராம், கோதுமை மாவு 120 கிராம், புளித்த கெட்டி மோர் 250 மில்லி, நன்றாகக் கனிந்த மட்டிப்பழம் (நம் ஊர்ச் சிறு வாழைப்பழம்) நான்கு, கருப்பட்டி 80 கிராம், முட்டை ஒன்று, எண்ணெய் 60 மில்லி, ஆப்பச் சோடா ஒரு தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி உப்பு. தேங்காய் எண்ணெய் மணமாக இருக்கும். இதய நோய் உள்ளவர்கள் கடலை எண்ணெய் ஊற்றிக்கொள்ளட்டும்.

முதலில் தவிட்டை மோரில் கால் மணி நேரம் ஊற வையுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலரும் "மரத்தூள் மாதிரி இருக்கு" என்கிறார்கள். தவிடு தண்ணீரை நிறைய இழுக்கும். ஊறாமல் போட்டால் மாவில் உள்ள ஈரத்தை அடுப்பில் இருக்கும்போது உறிஞ்சி, மஃபினை வறட்டிவிடும். கருப்பட்டியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஆற வையுங்கள், மண்ணும் தூசியும் போய்விடும். அதோடு மசித்த பழம், முட்டை, எண்ணெய், ஊறிய தவிடு எல்லாவற்றையும் கலந்து, மாவும் சோடாவும் உப்பும் சேர்த்துச் சலித்ததைக் கடைசியாகப் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு கிண்டுதான். கட்டி கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை. அதிகம் கிண்டினால் ரப்பர் போலாகும். மோரின் புளிப்பு பட்டதும் சோடா பொங்க ஆரம்பித்துவிடும், அதனால் ஓவன் 180 டிகிரிக்கு ஏற்கெனவே சூடாகியிருக்க வேண்டும். 20 நிமிடத்தில் ஒரு ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள். ஓவன் இல்லையென்றால் கனமான சட்டியில் மணல் பரப்பி மூடிச் சூடாக்கி, சிறு தீயில் அரை மணி நேரம் வைக்கலாம்.

ஒன்றில் சுமார் 4 கிராம் நார்ச்சத்தும் 150 கலோரியும் இருக்கும். கருப்பட்டி என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம், அதுவும் ஏற்றும். பழமும் ஏற்றும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நாளுக்கு ஒன்று, அதுவும் பிஸ்கட்டுக்குப் பதிலாக, கூடுதலாக அல்ல.

தவிடு எங்கே வாங்குவது என்பதில் எனக்குப் பயம் உண்டு. குளச்சல் பக்கத்து அம்மச்சி ஒருவர், "மக்ளே, மாட்டுக்கு வாங்குற தவிடு வீட்டுலயே இருக்கே, அதப் போட்டா என்ன?" என்று கேட்டார். போடக்கூடாது. கால்நடைத் தீவனத்தில் உமியும் மண்ணும் இருக்கலாம், பூஞ்சை பிடித்திருக்கலாம். மனிதர் சாப்பிடுவதற்கென்று அதைச் சுத்தம் செய்வதில்லை. அரிசித் தவிடாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அரைத்த சில மணி நேரத்திலேயே அதிலுள்ள எண்ணெய் சிக்கு அடிக்கத் தொடங்கும். உணவுக்கென்று விற்கும் கோதுமைத் தவிட்டை, பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண் பார்த்து வாங்குங்கள். அல்லது கோதுமையைக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்து, சல்லடையில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது. தவிட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது.

அந்த அம்மச்சிக்கு நான் முதலில் சொல்ல மறந்தது தண்ணீர். நல்ல தவிடு வாங்கி முதல் நாளே மூன்று மஃபின் சாப்பிட்டு, வயிறு உப்பி, தூங்காமல் கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து யாருக்கும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்: முதல் வாரம் பாதி மஃபின், அப்புறம் ஒன்று, கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். நாளுக்கு மூன்று நான்கு டம்ளர்கூடக் குடிக்காத முதியவருக்குத் தவிடு மட்டும் கொடுத்தால் மலம் இன்னும் இறுகும்.

சிறுநீரக நோயாளிகள் இதைத் தொடவே வேண்டாம். தவிட்டில் பாஸ்பரசும் பொட்டாசியமும் மிக அதிகம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள், நார்ச்சத்து மருந்தை உடலில் சேரவிடாது. இரும்புச்சத்து மாத்திரையும் தவிடும் ஒரே நேரத்தில் வேண்டாம். குடல் அடைப்பு வந்தவர்களும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும், மலத்தில் ரத்தம் போகிறவர்களும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் மஃபின் வெளியே ஒரு நாள்தான் தாங்கும். மீதியை ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது ஒன்றை எடுத்து இட்லிச் சட்டியில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் அன்று சுட்டது போலவே மெத்தென்று இருக்கும்.